தன் மீது தானே வரி விதித்துக்கொண்ட ஊர்

கடையில் பொருள் வாங்கினால் விலைச்சீட்டின் அடியில் வரி என்று ஒரு தொகை ஏறி நிற்கிறது. அதை விதித்தவர் யார், அது எங்கே போகிறது என்று நம் இல்லங்களில் எவரும் கேட்பதில்லை. கேட்டுத்தான் ஆகப்போவதென்ன என்பது நம் எண்ணம். அந்நாளைய சென்னை மாகாணத்தில் 1939ஆம் ஆண்டு இராஜாஜியின் அமைச்சரவை பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. 2007இல் அது மதிப்புக் கூட்டு வரியாயிற்று. 2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரியாக உருமாறியது. இத்தனை காலத்தில், "இன்னும் சற்றுக் கூட்டலாமா? உங்கள் விருப்பம் என்ன?" என்று எந்த ஊர் மக்களிடமும் எவரும் வந்து கேட்டதாக வரலாறு இல்லை. மேலே உள்ளவர்கள் முடிவு செய்தார்கள், வணிகர்கள் வசூலித்துக் கட்டினார்கள், நாம் கொடுத்தோம். நம்மில் கடை வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். கணக்குப் பேரேடும் வரி அலுவலகமும் அவர்களுக்குப் புதியவை அல்ல. அவர்களுக்குக்கூட இப்படியொரு கேள்வி வியப்பாகவே இருக்கும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இக்கேள்வி கேட்கப்படுகிறது. ஒரு நகரம் தன் எல்லைக்குள் விற்பனை வரியைக் கால் செண்டோ அரைச் செண்டோ உயர்த்த விரும்பினால், அவ்வூர் வாக்காளர்களின் சம்மதத்தைப் பெற்றாக வேண்டும். வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர்களோடு "இவ்வரியை விதிக்கலாமா?" என்ற வினாவும் அச்சாகி வரும். ஆம் அல்லது இல்லை என்று குறியிட வேண்டியதுதான். கேட்பதற்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது! ஆனால் அந்த ஒரு வினாவுக்குள் எத்தனை முடிச்சுகள் இருக்கக்கூடும் என்பதற்கு ஸ்டாக்டன் என்ற நகரின் கதை நல்லதோர் எடுத்துக்காட்டு.

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தொலைவில், சான் வாக்கீன் ஆற்றங்கரையில் இருக்கிறது ஸ்டாக்டன். கடலிலிருந்து உள்ளடங்கியிருந்தாலும் ஆற்றுவழியே கப்பல்கள் வந்துபோகும் துறைமுக நகர். சுற்றிலும் வேளாண் நிலம். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 2,91,707 பேர் வாழ்ந்த ஊர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வீட்டு விலைகள் கிடுகிடுவென ஏறின. சான் ஃபிரான்சிஸ்கோப் பக்கம் வீடு வாங்க இயலாதவர்கள் இங்கு வந்து வாங்கினர். வீடு ஏற ஏற நகரின் வருமானமும் ஏறியது. வருமானம் ஏறவே நகர மன்றத்தாருக்குக் கை நீண்டது. கடன் வாங்கிப் பெரிய உள்ளரங்கம் ஒன்றைக் கட்டினர். 2005 டிசம்பரில் அது திறக்கப்பட்டது. அடுத்த மாதமே அங்கு பாட வந்த நீல் டயமண்ட் என்ற பாடகருக்கு 10 இலட்சம் டாலர் தரப்பட்டது பின்னாளில் ஊர்ப் பேச்சாயிற்று. படகுத்துறை அமைத்தனர். புதிய நகர மன்ற அலுவலகத்துக்கென எட்டடுக்குக் கட்டடம் வாங்கினர். ஊழியர்களின் ஓய்வூதிய நிலுவையை அடைக்க 2007இல் 12½ கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டனர். இவற்றுக்கெல்லாம் முன்பே, ஓய்வு பெற்ற ஊழியர்களின் மருத்துவச் செலவை ஆயுள் முழுதும் நகரமே ஏற்கும் என்று 1990களில் வாக்களித்திருந்தனர். அதற்கெனப் பணம் எதுவும் ஒதுக்கி வைக்கவில்லை.

பிறகு வீட்டு விலை சரிந்தது. உச்சத்தில் இருந்ததில் பாதிக்கும் கீழே போயிற்று. தவணை கட்ட முடியாமல் வங்கிகளிடம் வீட்டை இழந்தோர் விகிதத்தில் 2007இல் நாட்டிலேயே முன்வரிசையில் நின்றது ஸ்டாக்டன். நகர வருமானம் வற்றியது. காவலர்களில் சுமார் கால் பங்கினரும், தீயணைப்புத் துறையில் சுமார் முப்பது விழுக்காட்டினரும், ஏனைய ஊழியர்களில் நாற்பது விழுக்காட்டிற்கும் மேற்பட்டோரும் குறைக்கப்பட்டனர். 2012இல் கடன் தவணை தவறியதால் மூன்று வாகன நிறுத்தகங்களும், நகர மன்றத்துக்கென வாங்கிய அந்தப் புதிய கட்டடமும் வங்கியின் கைக்குப் போயின. அதே ஆண்டு ஜூன் 28ஆம் நாள் நகரம் நீதிமன்றத்தில் திவால் மனு அளித்தது. நம் பக்கத்து வழக்கில் சொன்னால், ஓர் ஊரே மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டது! அமெரிக்காவில் அதுவரை திவாலான நகரங்களில் மக்கள்தொகையில் இதுவே பெரியது. மறு ஆண்டு ஜூலையில் டெட்ராய்ட் நகரம் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது.

தனி மனிதர் திவாலானால் அவர் குடும்பம் தவிக்கும். நகரம் திவாலானால் தவிப்பது யார்? ஸ்டாக்டனில் 2011ஆம் ஆண்டு 58 கொலைகள் நடந்தன. 2012இல் 71. அவ்வூரின் வரலாற்றில் அதுவரை கண்டிராத எண்ணிக்கை அது. திருட்டு நடந்தால் காவலர் வரமாட்டார், உயிருக்கு ஆபத்து என்றால்தான் வருவார் என்ற நிலை. பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பத் தாய்மார் அஞ்சினர் என்று சொல்லவும் வேண்டுமோ?

இந்த நிலையில்தான் 2013 நவம்பர் 5ஆம் நாள் மக்களிடம் இரண்டு தீர்மானங்கள் வைக்கப்பட்டன. முதலாவது, 'ஏ' தீர்மானம்: விற்பனை வரியை முக்கால் செண்ட் உயர்த்துவது. அதாவது 100 டாலருக்குப் பொருள் வாங்குபவர் கூடுதலாக 75 செண்ட் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கோடியே 80 இலட்சம் டாலர் கிடைக்கும் என்று கணக்கிட்டனர். பத்தாண்டுகள் என்று காலவரம்பு சொல்லப்பட்டது. செலவைப் பார்வையிடக் குடிமக்கள் குழு ஒன்று அமையும் என்றும் கூறப்பட்டது. இரண்டாவது, 'பி' தீர்மானம்: அவ்வாறு வரும் பணத்தில் 65 விழுக்காட்டைக் காவல் துறைக்கும் குற்றத் தடுப்புக்கும், 35 விழுக்காட்டைத் திவாலிலிருந்து மீளவும் ஏனைய பணிகளை மீண்டும் தொடங்கவும் பயன்படுத்த வேண்டும் என்பது.

வாசக அன்பர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். ஒரே விஷயத்துக்கு ஏன் இரண்டு தீர்மானம்? "65 விழுக்காடு காவலுக்கு" என்பதை முதல் தீர்மானத்திலேயே சட்டமாக எழுதியிருக்கலாமே!

காரணம் இருக்கிறது. கலிஃபோர்னிய மக்கள் 1978இல் வாக்களித்து ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவந்தனர். வீட்டு வரி மதிப்பில் ஒரு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உரிமையாளர் மாறாதவரை அம்மதிப்பையும் ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது அது. வீட்டுக்காரர்கள் மகிழ்ந்தனர். ஆனால் நகரங்களின் முதன்மையான வருமான வழி குறுகியது. அன்று முதல் விற்பனை வரியே நகரங்களின் நம்பிக்கையாயிற்று. பின்னர் 1996இல் மற்றொரு திருத்தம் நிறைவேறியது. நகர மன்றம் கொண்டுவரும் வரி பொதுச் செலவுக்கானதாக இருந்தால் பாதிக்கு மேல் ஒரு வாக்கு கிடைத்தால் போதும். குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கென்று பூட்டிவைக்கும் வரியாக இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

ஆக, காவலுக்கென்று சட்டத்தில் எழுதினால் நூற்றுக்கு அறுபத்தேழு பேர் சம்மதிக்க வேண்டும். எழுதாமல் விட்டால் ஐம்பத்தோரு பேர் போதும். எனவே முதல் தீர்மானத்தில் பணத்தைப் பொதுக் கருவூலத்துக்கு என்று வைத்துவிட்டு, இரண்டாவது தீர்மானத்தில் "இப்படிச் செலவிடுங்கள்" என்று மக்கள் ஆலோசனை கூறுவதாக அமைத்தனர். ஆலோசனைதான், கட்டளை இல்லை. நாளை நகர மன்றம் அதை மீறினாலும் எவரும் நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்க இயலாது. இது ஸ்டாக்டன் மட்டும் கண்ட வழியன்று. அம்மாநிலத்தின் பல நகரங்கள் கையாண்ட வழிதான். சட்டத்துக்கு உட்பட்டது என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் எனக்கு அது நெருடலாகவே படுகிறது.

நம் மஹல்லாவில் மையவாடிக்குச் சுற்றுச்சுவர் எழுப்ப என்று வீடு வீடாக வசூலிக்கிறோம். வேறொரு சமயம் பள்ளிவாசல் பொது நிதிக்கு என்று வசூலிக்கிறோம். முன்னதில் ஒரு ரூபாயை வேறு காரியத்துக்கு எடுத்தாலும் நிர்வாகிகள் ஜமாஅத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். பின்னதில் அவர்கள் கைக்கு இடம் உண்டு. ஒரு நோக்கத்துக்கென வக்ஃபு செய்யப்பட்ட சொத்தில் அந்நோக்கத்தை மாற்ற எத்தனை தடைகள் உள்ளன என்பதும் நாம் அறிந்ததே. ஸ்டாக்டன் வாக்காளரிடம் கேட்கப்பட்டது, பொது நிதி என்று ரசீது எழுதிக்கொண்டு, சுற்றுச்சுவருக்கு என்று வாயால் சொல்லிக் கேட்ட வசூல். நிர்வாகியின் நாணயம் ஒன்றே பிணை. அந்த நிர்வாகியோ, அரங்கம் கட்டிப் பாட்டுக் கச்சேரி வைத்து ஊரைத் திவாலாக்கிய அதே நகர மன்றம்! உறுப்பினர்கள் மாறியிருக்கலாம். ஆனால் வாக்காளர் கண்ணுக்கு மன்றம் மன்றம்தான்.

வரியை ஆதரித்தவர்கள் கூறியதில் நியாயம் இருந்தது. புதிதாகக் காவலர் 120 பேரை எடுக்க வேண்டும். அதற்குப் பணம் வேறு எங்கிருந்து வரும்? திவால் நீதிமன்றத்தில் கடன்காரர்களோடு உடன்பாடு காண வேண்டுமானாலும் நகருக்கு நிலையான வருமானம் உண்டு என்று காட்டியாக வேண்டும். வெளியூரிலிருந்து வந்து பொருள் வாங்குபவரும் இவ்வரியில் ஒரு பங்கைச் சுமப்பார். வீட்டு வரியில் அந்த வசதி இல்லை.

எதிர்த்தவர்கள் கூறியதிலும் நியாயம் இருந்தது. இப்பணம் காவலருக்கு என்று சொல்லப்பட்டாலும், கடைசியில் பழைய கடனுக்கும் ஓய்வூதியத்துக்குமே போகும் என்றனர். அண்டையிலுள்ள லோடை, மான்டீக்கா போன்ற ஊர்களுக்கு வாடிக்கையாளர் போய்விடுவர் என்று வணிகர் சிலர் அஞ்சினர். வாகனம் வாங்குவோருக்கு மட்டும் அந்த வழி இல்லை. வாகனத்தை எந்த ஊரில் வாங்கினாலும், வாங்குபவர் குடியிருக்கும் ஊரின் வரியே அதற்கு விழும்.

இவ்வாதங்களுக்கு நடுவே அதிகம் பேசப்படாத ஒன்றுண்டு. விற்பனை வரி ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே விகிதந்தான். ஆனால் ஏழையின் வருமானம் முழுதும் கடைக்குப் போகிறது. செல்வரின் வருமானத்தில் ஒரு பகுதியே போகிறது. ஆதலால் ஏழை தன் வருமானத்தில் பெரிய பங்கை வரியாகக் கொடுக்கிறார். கலிஃபோர்னியாவில் அரிசி, மாவு, பால், காய்கறி போன்ற உணவுப் பொருட்களுக்கும், மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளுக்கும் இவ்வரி கிடையாது. இது பெரிய ஆறுதல். ஆனால் பிள்ளையின் காலணி, பள்ளிக்கூடப் பை, சலவை சோப்பு, குழந்தைக்குப் படுக்கை விரிப்பு, அடுப்பு ஆகிய அனைத்துக்கும் உண்டு. வீட்டு விலை ஏறியபோது இலாபம் கண்டவர் வேறு. இன்று காலணிக்கு முக்கால் செண்ட் கூடுதலாகக் கொடுப்பவர் வேறு. ஆனால் அந்தக் காலணி வாங்கும் தாயின் தெருவில்தான் துப்பாக்கிச் சத்தமும் அதிகம் கேட்டது. காவலர் இல்லாமையின் பாரத்தையும் அவரே சுமந்தார். அவர் 'ஆம்' என்றாலும் வருத்தம், 'இல்லை' என்றாலும் வருத்தம்.

வாக்கெண்ணிக்கையில் இரண்டு தீர்மானங்களும் நிறைவேறின. வரி உயர்வுக்குக் கிடைத்த ஆதரவு ஏறக்குறைய 52 விழுக்காடு. பூட்டிய வரியாக இருந்திருந்தால் தோற்றிருக்கும். 2014 ஏப்ரல் முதல் நாள் தொட்டு ஸ்டாக்டனில் ஒரு டாலருக்கு 9 செண்ட் வரி. அந்த 9 செண்டைப் பிரித்துப் பார்த்தால், மாநிலம் முழுதும் பொதுவாக உள்ளது 7½; மாவட்டச் சாலைப் பணிகளுக்கு ½; 2004இல் காவலுக்கும் தீயணைப்புக்கும் என்று பூட்டப்பட்ட நகர வரி ¼; புதிய வரி ¾.

இந்தக் கால் செண்டைக் கவனியுங்கள். காவலுக்கும் தீயணைப்புக்குமே என்று பூட்டிய வரி 2005 முதல் வசூலாகிக்கொண்டிருக்கும்போதுதான் கால் பங்கு காவலர்கள் குறைக்கப்பட்டனர்! பூட்டிய பெட்டியில் உள்ளதை எவரும் தொடவில்லை. பூட்டாத பெட்டியிலிருந்து காவலுக்குப் போய்க்கொண்டிருந்த பணம் சுருங்கிவிட்டது. ஒரு பையிலிருந்து எடுத்து மற்றொரு பையில் வைக்கும் வித்தையை இல்லத்தரசிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பூட்டும் முழுப் பாதுகாப்பு ஆகாது என்பதை இது காட்டுகிறது.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2014 அக்டோபர் முதல் நாள் திவால் நீதிபதி கிறிஸ்டோஃபர் கிளைன், ஓய்வூதியத்தையும் குறைக்கச் சட்டத்தில் இடமுண்டு என்று தீர்ப்பளித்து நாட்டையே திடுக்கிட வைத்தார். ஆயினும் நகரம் ஓய்வூதியத்தில் கை வைக்கவில்லை. அதே மாதம் 30ஆம் நாள் நகரின் திட்டத்தை நீதிபதி ஏற்றார். 2015 பிப்ரவரி 25ஆம் நாள் ஸ்டாக்டன் திவாலிலிருந்து வெளியேறியது. கடன் கொடுத்த நிறுவனங்கள் பெரும் நட்டத்தை ஏற்றன. ஓய்வு பெற்ற ஊழியர்களுக்கு வாக்களிக்கப்பட்ட மருத்துவ வசதி ஐம்பது கோடி டாலருக்கும் மேல் மதிப்பிடப்பட்டிருந்தது. அதற்கு ஈடாக அவர்கள் அனைவருக்கும் சேர்த்துக் கிடைத்தது சுமார் 51 இலட்சம் டாலர். டாலருக்கு ஒரு செண்ட்! முதுமையில் மருந்துச் செலவை நகரம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி உழைத்த முதியவர்கள் தங்கள் பணத்தில் காப்பீடு தேட வேண்டியதாயிற்று. வாக்களித்த கை ஒன்று, அதை முறித்த கை வேறொன்று.

காவலர்கள் வந்தார்களா? பணம் வந்தது, ஆள் வருவது எளிதாக இல்லை. காவலர் எண்ணிக்கை 485 ஆக வேண்டும் என்று இலக்கு வைத்தனர். ஒருபுறம் புதியவர்களை எடுத்துப் பயிற்சி கொடுக்க, மறுபுறம் அனுபவசாலிகள் கூடுதல் ஊதியம் தரும் ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தனர். திவாலான ஊரின் மேல் ஊழியருக்கு ஒரு முறை நம்பிக்கை போனால் முக்கால் செண்டால் மீட்டுவிட முடியுமா? கொலைகள் 2013இலேயே, அதாவது புதிய வரி ஒரு செண்டும் வசூலாகும் முன்பே, 32 ஆகக் குறைந்திருந்தன. பின்னர் மீண்டும் ஏறி, 2017இல் ஐம்பதைத் தாண்டி, 2018இல் முப்பதுகளுக்கு இறங்கின. ஆகவே வரியால் கொலை குறைந்தது என்று அடித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். இவ்வரியின் பயனாக அமைந்த வன்முறைத் தடுப்பு அலுவலகத்தின் பணியாளர்கள் தெருத் தெருவாகச் சென்று, வழி தவறிய இளைஞர்களைத் தேடிப் பேசி, வேலைக்கும் படிப்புக்கும் கைகாட்டினர். அதை நான் நல்ல செலவு என்றே சொல்வேன்.

2016 நவம்பரில் அவ்வூர் மக்கள்முன் மற்றொரு கால் செண்ட் வந்தது. நூலகங்களுக்கும் பொழுதுபோக்குப் பூங்காப் பணிகளுக்கும் என்று 16 ஆண்டுகளுக்குப் பூட்டிய வரி அது. பூட்டிய வரியாதலால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். காவலுக்கென்று சொல்லிக் கேட்டபோது 52 பேரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்த ஊரில், நூலகத்துக்கென்று எழுதிக் கேட்டபோது அந்த மூன்றில் இரண்டு பங்கையும் தாண்டி வாக்குகள் விழுந்தன. புத்தகத்தை மக்கள் உயிரினும் மேலாக மதித்தனர் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கால் செண்ட் சிறிது. மூன்றாண்டுகளில் ஊரும் சற்றுத் தேறியிருந்தது. ஆனாலும் எங்கே போகும் என்று எழுத்தில் கண்ட பணத்தை மக்கள் தயங்காமல் கொடுத்தனர் என்பதை மறுக்க இயலாது. பணமில்லாமல் 2010இல் மூடப்பட்ட ஃபேர் ஓக்ஸ் நூலகம் மீண்டும் திறக்கப்பட்டது. விலைச்சீட்டில் இக்கால் செண்ட் தெரியவே இல்லை என்பது இதில் ஒரு வேடிக்கை. 2017 தொடக்கத்தில் மாநிலம் தன் தற்காலிக வரி உயர்வில் கால் செண்டைக் கைவிட்டது. ஏப்ரலில் நூலகக் கால் செண்ட் அவ்விடத்தில் வந்து அமர்ந்துகொண்டது. மொத்தம் அதே 9 செண்ட்.

பத்தாண்டுகள் என்று சொன்ன அந்த முக்கால் செண்ட் 2024 மார்ச்சோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2013இன் வரிச்சட்டத்திலேயே, நகர மன்றம் விரும்பினால் நீட்டிக்கலாம் என்று ஒரு வாசகம் இருந்தது. மன்றம் அதைக் கொண்டு நீட்டித்துவிட்டது. விதிக்கும்போது கேட்கப்பட்ட மக்கள், நீட்டிக்கும்போது மறுபடியும் வாக்குச்சாவடிக்கு அழைக்கப்படவில்லை. காவலுக்கு 65 விழுக்காடு என்று 2013இல் அவர்கள் கூறிய அந்த ஆலோசனை மட்டும், முன்போலவே ஆலோசனையாக இருந்து வருகிறது. பூட்டிய நூலக வரிக்கு இன்னும் 2033 வரை காலம் இருக்கிறது.